வீட்டை இப்போதே எழுதிக் கொடுப்பதா, உயிலாக எழுதி வைப்பதா?

போன பொங்கலுக்கு எல்லோரும் திருச்சி வீட்டில் கூடியிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து பாயை விரித்த நேரத்தில் அப்பா கேட்டார்: "எனக்கு 75 ஆகப் போகுது. இந்த வீட்டை என்ன பண்ணலாம், சொல்லுங்க."

அண்ணன் உடனே, "இப்பவே மூணு பேருக்கும் செட்டில்மென்ட் எழுதிடுங்கப்பா, பின்னாடி பேச்சு வராது" என்றான். அதாவது, உயிரோடு இருக்கும்போதே பத்திரம் எழுதி வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தானமாக மாற்றிவிடுவது. ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த தம்பி, "அண்ணன் பேர்ல பவர் குடுத்து வச்சா போதாதா?" என்றான். பவர் என்றால், நமக்குப் பதிலாக இன்னொருவர் செயல்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அத்தை மட்டும், "உயில் எழுதி வை. உசுரு இருக்கிற வரைக்கும் உன் வீடு உன் பேர்லயே இருக்கட்டும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளை யாரும் கேட்கவும் இல்லை என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அதன்பிறகு சில மாதங்கள் வழக்கறிஞர், பத்திர எழுத்தர், சார்பதிவாளர் அலுவலகம் என்று அலைந்தது நான்தான். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நாங்கள் இந்துக்கள், வீடு அப்பாவின் சுயார்ஜிதம் (அவரே சம்பாதித்தது), தமிழ்நாட்டில் இருக்கிறது. உங்கள் நிலைமை இதிலிருந்து மாறினால் சட்டமும் மாறும். உதாரணமாக, இஸ்லாமியச் சட்டப்படி மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுதலாம். அதில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தமும் 2020 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உறுதியாக்கிவிட்டன.

எந்த வழியைப் பார்த்தாலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இருவரில் ஒருவர் போன பிறகு, மற்றவர் இந்த வீட்டில் யாருடைய தயவும் இல்லாமல் இருக்க முடியுமா? பிள்ளைகளின் பங்கு அதற்கு அப்புறம்தான்.

ஒன்றும் எழுதாமல் விட்டால்

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். பலர் பயப்படும் அளவுக்கு இது மோசமும் இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் ஆகியோர் சம பங்குக்காரர்கள். தாயையும் சேர்த்துத்தான். இதைக் கேட்டுப் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். மகனை இழந்த 90 வயதுப் பாட்டிக்கும் மருமகளுக்குச் சமமான பங்கு உண்டு. இறந்தவரின் தகப்பனார் அந்த முதல் வரிசையில் வரமாட்டார். மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டதா இல்லையா என்பது கணக்கிலேயே இல்லை.

எங்கள் வீட்டில் பாட்டி இல்லை. ஆக அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. வட்டாட்சியரிடம் வாரிசு சான்றிதழ் வாங்கி, பட்டாவைக் கூட்டாக மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் ஒற்றுமையாக இருந்தால் செலவே இல்லாத வழி இதுதான்.

ஆனால் என் கேள்வியை வைத்துப் பாருங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து அந்த வீட்டை எழுப்பியதில் பாதி உழைப்பு அம்மாவுடையது. அப்பா போன மறுநாள் அவள் தன் சமையலறையில் கால் பங்குக்காரி ஆகிவிடுவாள். மற்ற மூவரில் யாருக்காவது பணமுடை வந்து பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் அவளால் தடுக்க முடியாது. நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எங்களுக்குப் பிறகு எங்கள் பங்கு யார் கைக்குப் போகும் என்பதை இப்போதே யார் சொல்ல முடியும்?

குழந்தை இல்லாத தம்பதிகள் எதையும் எழுதாமல் இருக்கவே கூடாது. கணவர் போன பிறகு மனைவி உயில் எழுதாமல் இறந்தால், அவள் தன் சம்பளத்தில் வாங்கிய வீடுகூடக் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவளுடைய சொந்த அம்மா அப்பா அதற்குப் பின் வரிசையில்தான் நிற்கிறார்கள். கூடப் பிறந்தவளுக்கோ வளர்த்த அக்கா மகளுக்கோ கொடுக்க நினைப்பவர் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும்.

தான செட்டில்மென்ட்

அண்ணன் சொன்ன வழி. தமிழ்நாட்டில் இது இவ்வளவு பரவலாக இருப்பதற்குச் செலவு குறைவு என்பது பெரிய காரணம். வீட்டை விற்றால் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். பிள்ளைக்கு செட்டில்மென்ட் எழுதினால் இரண்டும் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் உயர்த்தியபடி தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக்கு 10,000 ரூபாய். 60 லட்ச ரூபாய் வீட்டை ஒரு மகனுக்கு எழுத 50,000 ரூபாயும் பத்திர எழுத்தர் கூலியும் போதும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதால் வருமான வரியும் கிடையாது. பதிந்த உடனே வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பட்டாவும் பெயர் மாறும். யாருக்கு எது என்பது எல்லோர் முன்னிலையிலும் முடிந்துவிடும்.

சிக்கலும் அதே இடத்தில்தான். முடிந்தது முடிந்ததுதான். பிள்ளை அதை ஏற்றுக்கொண்டு பத்திரமும் பதிவாகிவிட்டால், பின்னால் மனம் மாறி நீங்கள் மட்டும் போய் ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது.

நன்றிகெட்ட மகன், துரத்தப்பட்ட பெற்றோர் என்றுதான் நாம் இதைப் பேசிக்கொள்கிறோம். என் பெரியம்மா கதை வேறு. ஒரே மகன், தங்கமான பிள்ளை. பெரியப்பா போன பிறகு வீட்டை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அவன் கடைசிவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டான். இப்போது அந்த வீடு அவனுடைய மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், பெரியம்மா என்று நால்வருக்கும் பொது. தன் வீட்டையே மகன் வழி வாரிசாகக் கால் பங்கு திரும்பப் பெற்றிருக்கிறார். பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்றில் இருந்துகொண்டு மீதிப் பணத்தில் வைத்தியம் பார்க்கலாம் என்றால், மைனர் பிள்ளைகளின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். மருமகள் மேல் ஒரு குறையும் இல்லை. அவளும் தவிக்கிறாள். யார் முந்திப் போவார்கள் என்று தெரியாத ஒரு விஷயத்தில், மகன்தான் பிந்துவான் என்று எல்லோருமே வைத்துக்கொண்ட கணக்கு தப்பிப்போனது, அவ்வளவுதான். வாங்கிய பிள்ளைக்குக் கடன் ஏறினாலும் இதே நிலைதான். அவன் பெயரில் உள்ள வீடு அவன் கடனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, ஏதோ காரணத்துக்காக செட்டில்மென்ட்தான் என்று முடிவானால், இரண்டு வாசகங்கள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்று, ஆயுட்கால அனுபவ உரிமை. வீடு பிள்ளைக்கு, ஆனால் நாங்கள் இருக்கும்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் எங்களுக்கு உரிமை உண்டு என்று எழுதுவது. வீட்டின் சுவாதீனத்தை (அனுபவத்தை) கையில் வைத்துக்கொண்டு எழுதினால் தானம் செல்லாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நான் பார்த்த நகல்களில் எல்லாம் "என் ஆயுட்காலம் வரை" என்றுதான் இருந்தது. எழுதிக் கொடுக்கும் அப்பாவின் ஆயுள் மட்டும். அவர் போன அன்றே அம்மாவின் உரிமையும் போய்விடும். "நானும் என் மனைவியும், எங்களில் பிந்தி உயிரோடு இருப்பவர் காலம் வரை" என்று கேட்டு எழுத வையுங்கள். இந்த ஒரு வரிக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாவது, பராமரிப்பு நிபந்தனை. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால் தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் இந்தத் தீர்ப்பாயத்துக்குத் தலைமை. அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிரூபித்தால்தான் இது பொருந்தும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோருக்குப் பயன்படும் விதத்தில் இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அந்த ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுப்பதிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது.

மனதுக்கு நிம்மதி தரும் தீர்ப்புகள். இருந்தாலும் 80 வயதில் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறி, பெற்ற பிள்ளை எதிரே நிற்க, "எனக்குச் சோறு போடவில்லை" என்று சொல்ல வேண்டியிருக்கிறதே. அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. உணவு, உடை, மருத்துவம், கடைசிச் சடங்கு என்று ஒவ்வொன்றையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படி எழுதினால் வங்கியில் கடன் கிடைக்காது என்று பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான், வங்கிகள் தயங்கும். மாடியில் வீடு கட்ட மகனுக்குக் கடன் தேவை என்பது நியாயமான காரணம். அதற்காக மொத்த வீட்டையும் கொடுக்க வேண்டியதில்லை. மாடியையும் அதற்குரிய பிரிபடாத மனைப் பாகத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்துக் கீழ்த்தளத்தை வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே மகளோ மகனோ தன் பணத்தில் வீடு கட்டிவிட்ட மனை என்றால், அதை இப்போதே செட்டில்மென்ட் எழுதிவிடுவதுதான் நேர்மை.

உயில்

உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவு கட்டாயமும் இல்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட்டால் அது செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். நீங்கள் இருக்கும்வரை வீடு முழுக்க உங்களுடையது. விற்கலாம், அடமானம் வைக்கலாம். 60 வயதைத் தாண்டியவர் தன் வீட்டை ஈடாக வைத்து வங்கியிடமிருந்து மாதாமாதம் பணம் வாங்கும் தலைகீழ் அடமானத் திட்டம் 2007 முதல் இருக்கிறது. நம் ஊரில் அதை நாடுபவர் குறைவு. அந்த வாய்ப்பும் வீடு உங்கள் பெயரில் இருந்தால்தான்.

உயிலின் பலவீனம், அது பேசத் தொடங்கும்போது எழுதியவர் இருக்க மாட்டார். சுயநினைவோடுதான் எழுதினாரா, யாராவது மிரட்டினார்களா என்று கேள்வி வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டும். அதனால்தான் அப்பா தன் வயது நண்பர்களைக் கூப்பிட நினைத்தபோது வேண்டாம் என்றேன். உங்களைவிட 20, 25 வயது இளையவர்கள், உள்ளூர்க்காரர்கள், உயிலில் ஒரு ரூபாய்கூடப் பெறாதவர்கள் வேண்டும். அன்றைய தேதியிட்ட மருத்துவர் சான்றிதழ் ஒன்றும் கூடவே இருந்தால் நல்லது. ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுத்தால் காரணத்தை உயிலிலேயே எழுதுங்கள். "இவனை மேல்நாட்டில் படிக்க வைக்க இவ்வளவு செலவு செய்தேன்" என்று ஒரு வரி இருந்தால், அந்தப் பிள்ளைக்குத் தன்னை மறந்துவிட்டார்கள் என்ற வருத்தமாவது வராது.

பதிவு செய்வதே மேல் என்பது என் கருத்து. பதிந்துவிட்டதாலேயே உயில் நிரூபணமாகிவிடாது, ஆனால் தொலைந்தால் நகல் கிடைக்கும், திருத்திவிட்டார்கள் என்ற பேச்சு எழாது. உயில் பதிவாகும் புத்தகமே வேறு, வில்லங்கச் சான்றில் அது தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ மட்டும்தான் நகல் கொடுப்பார்கள். நடமாட முடியாதவர் என்றால் காரணம் சொல்லி விண்ணப்பித்துப் பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சென்னை மாநகர எல்லைக்குள் உள்ள சொத்துக்கும் அங்கே எழுதும் உயிலுக்கும் உயர் நீதிமன்றத்தில் மெய்ப்பிதழ் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, புரோபேட்) வாங்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருந்துவந்தது. அந்தப் பகுதிக்காரர்கள் இன்றைய நிலவரத்தை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிலிலும் மனைவியை மறந்துபோகும் வழக்கம் இருக்கிறது. "எனக்குப் பிறகு வீடு மகன்களுக்கு, என் மனைவியை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதினால் அது செட்டில்மென்டை விட எந்த வகையிலும் மேலல்ல. "மனைவி ஆயுள்வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு" என்பது அடுத்தது. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாக ஒரு பெண்ணுக்கு ஆயுள்வரை என்பது போல வரையறுத்துக் கொடுக்கும் உரிமை முழு உரிமையாகவே மாறிவிடும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, எது அப்படி மாறும், எது மாறாது என்று வழக்குகள் இன்றுவரை ஓடுகின்றன. மனைவி மேல் நம்பிக்கை இருந்தால் முழுதாகவே அவளுக்கு எழுதிவிடலாம். அவள் முந்திக்கொண்டால் யாருக்கு என்பதை அடுத்த வரியில் சேர்க்கலாம். அதே நாளில் அவளும் தன் உயிலை எழுத வேண்டும். இதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

பவரும் நாமினியும்

தம்பி சொன்ன பவர், வாரிசு ஏற்பாடே அல்ல. கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் அது செத்துவிடும். வங்கி வேலை, வரி கட்டுவது போன்றவற்றுக்கு உதவும். அதிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கொடுத்தவருக்கு மறதி நோய் முற்றி மனநிலை தவறிவிட்டாலும் சட்டப்படி பவர் முடிந்துவிடுகிறது. எப்போது மிகவும் தேவையோ அப்போது கை கொடுக்காது. உயிலோ செட்டில்மென்டோ, நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வங்கிக் கணக்கில் நாமினி போட்டிருப்பதால் பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது. வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவர் அவர். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். எல்லாப் பழைய வைப்புத்தொகை ரசீதுகளையும் எடுத்துப் பாருங்கள். அப்பாவின் ஒரு ரசீதில், என்றோ காலமாகிவிட்ட தாத்தாதான் இன்னும் நாமினி.

நாங்கள் செய்தது

அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "மாடி வாடகை என் கைக்கு வரணும். மாத்திரை வாங்க யார்கிட்டயும் கேக்கக் கூடாது" என்றாள். வீடு வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

அப்பா உயிலில் வீட்டை முழுதாக அம்மாவுக்கு எழுதினார். அம்மா முந்திவிட்டால் எங்கள் மூவருக்கும் சமமாக. அண்ணனுக்கு இதில் வருத்தம் இருக்கிறது. மாடிக்கு மேல் ஒரு தளம் எழுப்பும் அவனுடைய திட்டம் அப்படியே நிற்கிறது. அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாடி வாடகை மட்டும் இப்போது அம்மாவின் கணக்குக்கே வருகிறது, அதற்கு எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை.

அதே நாளில் அம்மாவும் தன் உயிலைப் பதிந்தாள். வழக்கறிஞரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். அப்பாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் பேசினாள். என்ன எழுதினாள் என்று நாங்கள் கேட்கவில்லை.